எர்லிந்தாவின் உள்ளங்கால்

செருப்பைக் கழற்றாமல் கோயில் படியை மிதித்தால் என் அம்மா முதுகிலேயே ஒன்று வைப்பாள். அப்படி வளர்ந்தவள் நான். நடந்ததற்கெல்லாம் காரணம் திமிர் என்றோ கொடுமை என்றோ யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பழக்கம்தான் காரணம். வேறொன்றுமில்லை.

என் பெயர் பிருந்தா, ஊர் பெருந்துறை. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு லாரி எங்கள் ஸ்கூட்டரை இடித்துவிட்டுப் போனது. ஓட்டிய என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. ஊசியால் குத்தினாலும் தெரியாது, வெந்நீரை ஊற்றினாலும் தெரியாது. ஒருமுறை எறும்பு மொய்த்துக் காலைப் புண்ணாக்கியதையே மறுநாள் அவர் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து காலையிலும் ராத்திரியிலும் என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவர் வேலை. ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல இப்போதும் எனக்கு நாக்கு எழவில்லை.

எனக்கிருந்த ஒரே ஆசை படி ஏறுவது. இன்னொருவர் உடம்பில் புகுந்து நடக்கிற வசதி வந்ததும் சென்னிமலைப் படியைத்தான் முதலில் கேட்டேன். நம்மூர்க் கோயில்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வாடகை உடம்போடு சாமி கும்பிட்டால் கும்பிட்டது யார், புண்ணியம் யாருக்கு என்று வழக்காடித் தடை வாங்கியிருந்தார்கள். பாவம் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

"சாமி இருக்கற கோயிலுக்குத்தான உட மாட்டேங்கறாங்க. சாமி இல்லாத கோயிலுக்குப் போ கண்ணு," என்றார் இவர்.

குவாத்தமாலாக் காட்டுக்குள் மாயா மக்கள் கட்டிய பாழடைந்த நகரம் ஒன்று இருந்தது. கும்பிட ஆளற்றுப்போன அந்தக் கோயில்களில் படிகளுக்கு மட்டும் குறைவில்லை. விமானத்தில் போவதெல்லாம் மந்திரிமார்களோடு நின்றுபோன காலம் இது. ஈரோட்டில் 'நெடுவழி' என்ற நிறுவனத்தின் கட்டிலில் சாயங்காலம் படுத்தால் அங்கே காலையில் எழுந்திருக்கலாம். கட்டிலில் என்னைப் படுக்கவைத்தவள் ஷாகிதா. அந்த வேலைக்குப் படித்த பெண், நல்ல சுபாவம்.

"பயப்படாதீங்கக்கா. அங்க ஒரு பொண்ணு தூங்கிருவா, அவ ஒடம்புல நீங்க முழிப்பீங்க. அவ கண்ணு, காது, காலு எல்லாம் உங்களுது. நீங்க பேசுனா அவ வாயில தமிழ் வரும். பொழுது எறங்குனா ரெண்டு பேரையும் எழுப்பி உட்ருவோம்."

"அவ காலுல முள்ளு குத்துனா எனக்கு வலிக்குமா?"

"வலிக்காதுங்க. வலிய மட்டும் நாங்க வடிகட்டிருவோம். சுடறது வெதுவெதுப்பாத் தெரியும், குத்தறது கூச்சமாத் தெரியும். டூர் வர்றவங்க வலிக்குதுன்னு பாதியில எந்திரிச்சா எங்களுக்குக் கட்டுபடியாகுங்களா?"

"அப்ப அந்த வலி எங்க போகும்?"

"அது அவளோடதுதானுங்கக்கா. முழிச்சா அவளுக்குத் தெரியும்." என் நெற்றிப்பொட்டின் இரண்டு பக்கமும் வில்லைகளை ஒட்டிக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் போக முடியாமல் ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

கண் விழித்ததும் எனக்குத் தெரிந்தது பாதம்தான். தரையை அமுக்கிக்கொண்டு இரண்டு பாதம். கட்டைவிரலை அசைத்தேன், அசைந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதது வேறொருத்தியின் கண் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. அவள் பெயர் எர்லிந்தா சோக். கெக்சி மொழி பேசுகிற மாயாக்காரி, முப்பதுக்குள்தான் வயது, குட்டையான உருவம். அவளுடைய மணிக்கட்டில் நீலப் பட்டை ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விருந்தாளி இருக்கிறார் என்று அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்வார்களாம்.

என்னைக் கூட்டிப்போன வழிகாட்டிக்கு லிசாந்த்ரோ என்று பெயர். நான் பேசுவதை அவனுடைய கருவி அவன் மொழியில் சொல்லும், அவன் பேசுவதை என் காதிலிருந்த கருவி தமிழாக்கிச் சொல்லும். எந்தப் புலவரை வைத்துத் தமிழ் கற்றுக்கொடுத்தார்களோ, கல்யாணப் பத்திரிகையைப் படிக்கிற மாதிரி இருக்கும்.

"அம்மையீர், இதோ இந்நகரின் பெருந்திடல். தாங்கள் அணிந்திருக்கும் உடலின் முன்னோர்களே இதனை எழுப்பினர்."

காடு சட்டென்று முடிந்து வெட்டவெளி வந்தது. கண்ணைக் கூசவைக்கிற வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தளம். நடுவில் படிப்படியாக மேலே போகிற கோயில், அதன் மூலைகளில் வளைந்த மூக்கோடு மழைத் தெய்வத்தின் முகங்கள். எங்கோ மரத்து மேல் குரங்குகள் புலி மாதிரி உறுமிக்கொண்டிருந்தன. அந்தப் படிகளைப் பார்த்ததும் எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கை தானாகக் குவிந்தது. தானாகக் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அம்மையீர், பாதணிகளை அணிந்துகொள்ளுங்கள். கல் சூடாக உள்ளது."

"கோயிலுங்க தம்பி. செருப்போட எப்படி?"

"இங்கே எல்லோரும் பாதணியுடனேயே ஏறுவர்."

"அவங்க ஏறட்டும். எனக்கு அது முடியாது."

அவன் நகர்ந்து வழிவிட்டான். விருந்தாளியின் விருப்பத்தைத் தடுத்தால் அவனுடைய வேலை போய்விடும் என்று பிறகு ஷாகிதா சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது, சரி, பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை என்று நினைத்தேன்.

கல் வெதுவெதுவென்று இருந்தது. அடுப்படித் திட்டில் கால் வைத்தது போல இதம். வலம் வந்தேன். படி ஏறினேன். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம், ஏறும்போது தொடை இறுகுவது தெரிந்தது. உச்சியில் நின்றால் நாலாபக்கமும் பச்சைக் காடு, அங்கங்கே வேறு கோயில்களின் தலை மட்டும் தெரிந்தது. இறங்கி மறுபடி வலம் வந்தேன், மறுபடி ஏறினேன். உச்சி வெயில் கொளுத்தியது, எனக்குத் தெரிந்ததெல்லாம் சுகம்தான். லிசாந்த்ரோ நிழலில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தச் சோம்பேறி என்று மனதில் திட்டினேன்.

திரும்பி வரும்போதுதான் தளத்தில் கால்தடங்களைப் பார்த்தேன். ஈரமாக, மண்நிறத்தில், கோயிலைச் சுற்றிப் போயிருந்தன. மழையில்லாத இடத்தில் ஈரமேது என்று உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் தோல் முழுக்கக் கழன்று குதிகாலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சிவப்பாகச் சதை. விரலால் தொட்டேன். வெதுவெதுப்பாகக் கூசியது.

"எழுப்புங்க, என்னை எழுப்புங்க," என்று கத்தினேன். உடனே எழுப்பிவிட்டார்கள். நான் ஈரோட்டில் ஏ.சி. அறையில் எழுந்தேன். அவள் எதில் எழுந்திருப்பாள் என்று நினைத்து வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை.

விடிந்து கண் விழித்தபோது என் உள்ளங்கால் எரிந்தது.

முதலில் கனவு என்று நினைத்தேன். இல்லை, எரிகிறது. வலது காலும் இடது காலும், மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி. ஒன்பது வருடமாக இல்லாத கால், எரிந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தது. "ஏனுங்க, கால் எரியுதுங்க," என்றேன். இவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டு என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்க கண்ணு? எங்க எரியுது? இங்கயா? இங்க தொட்டாத் தெரியுதா?"

அவர் தொடுவது தெரியவில்லை. எரிச்சல் மட்டும் தெரிந்தது. அது போதுமாயிருந்தது அவருக்கு. மாரியம்மன் கோயிலுக்கு ஓடிப்போய் விபூதி கொண்டுவந்து பூசி, தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தார். நானும் சிரித்தேன். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தேன்.

ஷாகிதா வீட்டுக்கு வந்து சோதித்தாள். அவள் முகம் சரியில்லை.

"அக்கா, இது உங்க வலியில்லீங்க. எர்லிந்தாவோடது. ரெண்டு மூளையும் சேர்ந்து ஓடறப்ப நீங்க கத்துனதும் பாதியில அவசரமா எழுப்பிட்டோமுல்ல, அந்தத் தொடுப்பு முழுசா அறுபடல. வடிகட்டி ஓடறது நீங்க கட்டில்ல படுத்திருக்கறப்ப மட்டுந்தான். எந்திரிச்சு வந்துட்டா அவ புண்ணு எரியற எரிச்சல் நேரா உங்களுக்கு வருது. அவ தூங்குனாலும் வரும், புண்ணு தூங்காதுல்லீங்க. புண்ணு ஆறுச்சுன்னா தானா நின்னுரும்."

இவர் குறுக்கே புகுந்தார். "நிக்காமப் பண்ண முடியாதா?"

"எதுக்குங்கண்ணா?"

"டாக்டரக் கேட்டேன். நரம்பு முழுசா அறுந்து போகலையாமா. இந்தக் காலு இருக்குதுங்கறதயே மூளை மறந்து கெடக்குது, இப்ப இந்த எரிச்சல் ஞாபகப்படுத்துது, நாலஞ்சு மாசம் விடாம இருந்தா இவ நரம்பே புடிச்சுக்கும்னு சொல்றாரு. நடக்கக்கூட வாய்ப்பிருக்குதாமா."

ஷாகிதா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கறா?" என்று கேட்டேன்.

"கட்டுப் போட்டிருக்காங்கக்கா. ஆனா மாசி வரைக்கும் ஒப்பந்தம். யாராச்சும் பதிவு பண்ணுனாப் போய்ப் படுக்கத்தான் வேணும். வடிகட்டி இருக்கறதால வர்றவங்களுக்குப் புண்ணு இருக்கறதே தெரியாது."

ஆறு நாளில் எரிச்சல் லேசாகத் தணிந்தது. இவர் முகம் தொங்கிப்போனது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, "எரியுதா?" என்று கேட்பார். குறைஞ்சிருக்குதுங்க என்று சொன்னால் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். ஒரு வியாழக்கிழமை, பவானியில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு சீர், தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று மத்தியானமே கிளம்பினார். என் தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் என் கால் பற்றிக்கொண்டது. தணலுக்குள் இறக்கி வைத்துத் திருகுவது மாதிரி. ஓவென்று அலறினேன். தங்கை ஓடிவந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"அக்கா, உன்ற வெரலு அசையுது."

ஆமாம், அசைந்தது. என் சொந்தக் கட்டைவிரல், கொஞ்சமே கொஞ்சம், உள்பக்கமாக மடங்கியது. அந்த நேரத்தில் எர்லிந்தா என் நினைவிலேயே இல்லை. வலி வரட்டும், இன்னும் வரட்டும் என்றுதான் நினைத்தேன். மனசு என்ன லட்சணத்தில் இருக்கிறதென்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் விடியும் நேரத்தில் இவர் வந்தார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்ட முதல் வார்த்தை, "நேத்து எரிஞ்சுதா?"

அவருடைய நெற்றிப்பொட்டில் இரண்டு பக்கமும் வட்டமாகச் சிவந்திருந்தது. வில்லை ஒட்டியெடுத்த தடம்.

"சீரு எப்படிங்க இருந்துச்சு?"

சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அவ ஒடம்புலயா போனீங்க? அந்தப் புண்ணுக் காலோட? செருப்பில்லாம?"

"அவ தூங்கீட்டுத்தான இருக்கறா."

"முழிக்கறப்ப?"

"ஒன்பது வருசமா உன்னத் தூக்கித் தூக்கி வெச்சிருக்கறன் பிருந்தா. ஸ்கூட்டர ஓட்டுனவன் நான். எனக்கு ஒண்ணுமாகாம உனக்கு ஆச்சு. அந்தப் புள்ள யாருன்னே எனக்குத் தெரியாது. நீ யாருன்னு தெரியும்." அழுதுவிட்டார். "வெரலு அசஞ்சுதாமா. உன்ற தங்கச்சி போன்ல சொல்லுச்சு. இன்னும் ரெண்டு தடவ போனாப் போதும்."

திட்ட வேண்டும் என்று வாய் துடித்தது. இப்படி அழுகிற ஆளை எதைச் சொல்லித் திட்டுவது? பட்ட காலிலேயே படும், கெட்ட குடியே கெடும் என்பார்கள். யார் காலோ பட்டுக்கொண்டிருக்க, எங்கள் குடி தழைக்கும் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார். எரியவில்லை என்று பொய் சொன்னால், நடந்தது போதவில்லை என்று மறுபடி போவார். எரிகிறது என்று சொன்னால், பலிக்கிறது என்று மறுபடி போவார்.

ஷாகிதாவைக் கூப்பிட்டு, இவரை விடாதே என்றேன்.

"என்னால தடுக்க முடியாதுங்கக்கா. யார் வேணா யார வேணாப் பதிவு பண்ணலாம்."

"ஏற்கெனவே ஒருத்தர் பதிவு பண்ணியிருந்தா?"

"அப்ப மத்தவங்களுக்குக் காட்டாது. அந்த நாளு போச்சு. எதுக்குங்க கேக்கறீங்க?"

அம்மா போட்ட நகை இருந்தது. அதை விற்று, வாரம் முழுவதும் எர்லிந்தாவை என் பெயரில் பதிவு செய்தேன். அடுத்த வாரத்தையும் சேர்த்து. இவருக்கு விஷயம் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானே போய் வெறுங்காலோடு நடக்கத் துணிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று விட்டேன். தினமும் சாயங்காலம் என்னைத் தூக்கிக் காரில் வைத்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஈரோட்டுக்கு ஓட்டுவார்.

அங்கே விழித்ததும் லிசாந்த்ரோவிடம், "கோயிலுக்கு வேண்டாம். இந்தப் பொண்ணு வீட்டுக்குக் கூட்டீட்டுப் போங்க," என்றேன். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, மண் தரை, மூலையில் விறகடுப்பு. கயிற்றுத் தூளி ஒன்று கட்டியிருந்தது. அதில் ஏறிக் காலை நீட்டிப் படுத்தேன். அவ்வளவுதான். பொழுது இறங்கும் வரை இறங்கவில்லை.

நினைத்துப் பாருங்கள். நடக்கிற கால். எழுந்து நின்றால் வலிகூடத் தெரியாத கால். கதவுக்கு வெளியே காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் படிகள். ஆசை யாரை விட்டது. தினமும் அந்தக் காலை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். லிசாந்த்ரோ மருந்து போட்டுக் கட்டுவான். சில சமயம் விரலை மட்டும் அசைத்துப் பார்த்துக்கொள்வேன்.

வீட்டில் இவர், "எரியுதா?" என்பார். "எரியுதுங்க," என்பேன். நாளாக நாளாக அது பொய்யாகிக்கொண்டு வந்தது. என் கட்டைவிரல் அசைவது நின்றது. அதை அவரிடம் சொல்லவில்லை. பாதத்தின் நடுவில் தணிந்தது, பிறகு விரல்களில். கடைசியில் வலது குதிகாலில் ஒரு காசளவு எரிச்சல் மட்டும் மிச்சம். அதுவும் போய்விட்டால் தொடுப்பு அறுந்துவிடும், பிறகு இவர் போய் எத்தனை நடந்தாலும் பிரயோசனமில்லை, எர்லிந்தா பிழைத்தாள். அந்தக் காசளவு மட்டும் போக வேண்டாமே என்று நான் வேண்டிக்கொண்ட ராத்திரிகளும் உண்டு. என் கால் என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். எர்லிந்தாவின் மகள், நாலைந்து வயது, யோலி என்று பெயர். அவள் கிட்டே வரவே மாட்டாள். நீலப் பட்டை மினுங்குகிறதா என்று வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பாள், மினுங்கினால் ஓடிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி அவளுக்கு மக்காச்சோள ரொட்டி கொடுத்து வாசலிலேயே உட்காரவைப்பாள்.

"அம்மையீர், ஓர் ஐயம்," என்றான் லிசாந்த்ரோ ஒரு நாள். "தாங்கள் ஏன் நடப்பதில்லை?"

"காலு ஆறட்டும்னுதானுங்க தம்பி. நான் வரலைன்னா வேற ஆளு வந்து நடப்பாங்க."

அவன் மருந்துக் குப்பியை மூடிவைத்தான். "முன்பெல்லாம் மாதமொன்றிற்கு மூன்று நான்கு விருந்தினரே வருவர். மற்ற நாள்களில் இவள் பகலெல்லாம் தன் மகளுடன் இருப்பாள்," என்றான். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

நான் விழித்திருக்கிற பகலெல்லாம் அவள் தூங்குகிற பகல். இந்தக் கணக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. எனக்கு ஒன்பது வருடம் போனது, அதற்கே ஊரெல்லாம் ஒப்பாரி வைத்தேன்.

நேற்று யோலி உள்ளே வந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தூளிப் பக்கத்தில் நின்று, அம்மாவின் பாதத்தில் சுற்றியிருந்த கட்டுத் துணியை ஒரு விரலால் தொட்டாள். முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் பேசாமல், லிசாந்த்ரோவிடம் ஏதோ கேட்டாள். குழந்தைக் குரல். கருவிக்குக் குழந்தை என்றும் பெரியவர் என்றும் வித்தியாசம் தெரியாது. அதே பத்திரிகைக் குரலில் என் காதுக்குள் சொன்னது.

"இந்த விருந்தினர் எப்போது புறப்படுவார்?"

குதிகாலில் இன்னும் காசளவு மிச்சமிருக்கிறது. இப்போது நான் கிளம்பினால் நாளைக்கே இவர் வந்து இந்தக் காலோடு படி ஏறுவார். இதை நாலு வயதுக் குழந்தைக்கு எந்தப் பாஷையில் சொல்வது?

"இன்னுங் கொஞ்ச நாளு, கண்ணு," என்றேன்.

அவளுடைய அம்மாவின் வாயிலிருந்து என் தமிழ் வந்தது. குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.